பல் டாக்டருக்குத் துணை நிற்கும் வேலை

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களில் பத்தாவது, பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் வந்து, "சார், அடுத்து என்ன படிக்க வைக்கலாம்?" என்று கேட்பது வழக்கம். நான் ரயில்வேயில் முப்பத்தேழு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். படிப்போ வெறும் மெக்கானிக்கல் டிப்ளமா. இருந்தாலும் டெல்லிக்கு வந்து நாற்பது வருடம் ஆகிவிட்டதாலும், இந்தியிலும் ஆங்கிலத்திலும் வரும் அரசாங்க அறிவிப்புகளைப் பொறுமையாகப் படிப்பேன் என்பதாலும் இந்த வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. அப்படிக் கேட்டவர்களில் ஒருவருக்கு நான் சொன்ன பதில் தவறாகப் போயிற்று. அதனால்தான் இந்தக் கட்டுரை.

கிழக்கு டெல்லியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு குடும்பம். தகப்பனார் ஓர் அலுவலகத்தில் பியூன், தாயார் மூன்று வீடுகளில் சமையல் வேலை. மூத்த பெண் பிளஸ் டூவில் கலைப் பிரிவு எடுத்துத் தேறினாள். ஆறு மாதத்தில் டென்டல் அசிஸ்டென்ட் பயிற்சி, உடனே வேலை என்று ஒரு தனியார் நிலையத்தின் நோட்டீஸைக் கொண்டு வந்து காட்டினார் தகப்பனார். கட்டணம் முப்பத்தைந்தாயிரம் ரூபாய். "சேர்த்து விடலாமா சார்?" என்றார். நானும் நோட்டீஸை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "தாராளமாகச் சேருங்கள், கையில் ஒரு சர்டிபிகேட் இருந்தால் நல்லதுதானே" என்று சொல்லிவிட்டேன். அது எந்த சர்டிபிகேட், யார் கொடுப்பது, எதற்குச் செல்லும் என்று கேட்கவில்லை. ஒரு போல்ட் வாங்குவதானால்கூட எந்த ஸ்பெசிபிகேஷன் என்று கேட்டுப் பழகியவன் நான்.

2024-ல் ரயில்வே தேர்வு வாரியங்கள் பாராமெடிக்கல் வேலைகளுக்கு அறிவிப்பு வெளியிட்டன. மொத்தம் 1,376 இடங்கள். அதில் டென்டல் ஹைஜீனிஸ்ட் என்று 3 இடங்கள். ஆரம்பச் சம்பளம் ரூ.35,400. அந்தப் பெண் ஓடோடி வந்து, "தாத்தா, நம்ம வேலை வந்திருக்கு, ஃபாரம் பூர்த்தி பண்ணித் தாங்க" என்றாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். உயிரியல் சார்ந்த பி.எஸ்ஸி. பட்டம் வேண்டும். அதற்கு மேல் டென்டல் கவுன்சில் அங்கீகரித்த நிலையத்தில் இரண்டு வருட டென்டல் ஹைஜீன் படிப்பு வேண்டும். அதற்கும் மேல் இரண்டு வருட அனுபவம். அவளிடம் இருந்தது தங்க நிற ஓரம் போட்ட ஆறு மாதக் காகிதம் ஒன்று. அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்குச் சிறிது நேரம் பிடித்தது.

அதற்குப் பிறகுதான் இந்தத் துறையைப் பற்றி ஒழுங்காக விசாரிக்க ஆரம்பித்தேன். தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

மூன்று வேலைகள், ஒன்றல்ல

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பல் டாக்டரின் அறையில் வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் எல்லோரும் ஒன்றுதான். சட்டத்துக்கு அப்படியல்ல. 1948-ம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் டாக்டரைத் தவிர இரண்டு பேருக்குப் பெயர் வைத்தது. ஒருவர் டென்டல் ஹைஜீனிஸ்ட். பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுத்து, சுத்தம் செய்து, மெருகேற்றுவதும், வாய்ச் சுகாதாரத்தைப் பற்றி நோயாளிக்குச் சொல்லிக் கொடுப்பதும் அவர் வேலை. இன்னொருவர் டென்டல் மெக்கானிக். பல் செட்டு, வாயில் பொருத்தும் மற்ற சாதனங்கள் ஆகியவற்றைச் செய்வதும் பழுது பார்ப்பதும் அவர் பொறுப்பு. இந்த இருவருக்கும் மாநிலப் பல் மருத்துவ கவுன்சிலில் பதிவு உண்டு. பதிவு இல்லாமல் அந்தத் தொழிலைச் செய்யக் கூடாது.

மூன்றாமவர் நாம் அசிஸ்டென்ட் என்று சொல்பவர். நாற்காலிக்குப் பக்கத்தில் அமர்ந்து கருவியை எடுத்துக் கொடுப்பவர், மருந்தைக் குழைப்பவர், எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடிப்பவர். 1948 சட்டத்தில் இவருக்குப் பெயரே இல்லை. பிற்காலத்தில்தான் டென்டல் ஆபரேட்டிங் ரூம் அசிஸ்டென்ட் என்ற பெயரில் இதற்கும் முறையான படிப்பு வந்தது. 2023-ல் நாடாளுமன்றம் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை இயற்றியது. பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த இந்தச் சட்டம், டாக்டர்களோடு துணைப் பணியாளர்களையும் சேர்த்தே பேசுகிறது.

நடைமுறையில் நம் ஊர்த் தனியார் பல் மருத்துவமனைகளில் இருக்கும் அசிஸ்டென்ட்டுகளில் பலர் எந்தப் படிப்பும் இல்லாமல், டாக்டர் சொல்லிக் கொடுத்ததைக் கற்றுக்கொண்டு வேலை பார்ப்பவர்கள். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. எங்கள் லோகோ ஷெட்டிலும் கலாசியாகச் சேர்ந்து, பெரிய மிஸ்திரியின் பின்னால் நின்று கற்றுக்கொண்டவர்கள்தான் சிறந்த பிட்டர்களாக இருந்தார்கள். ஆனால் அந்த மருத்துவமனையை விட்டு வெளியே வந்தால் கையில் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. கூலியும் டாக்டர் மனது வைத்துக் கொடுப்பதுதான்.

நாற்காலிப் பக்கத்தில் என்ன நடக்கிறது

படிப்பைப் பற்றிப் பேசுமுன் வேலை என்ன என்று தெரிய வேண்டும். அந்தப் பெண் இப்போது ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். அவள் சொல்லியும், எனக்கே இரண்டு பற்களுக்கு ரூட் கெனால் சிகிச்சை நடந்தபோது நேரில் பார்த்தும் எழுதுகிறேன்.

காலையில் வந்ததும் முதல் வேலை கம்ப்ரஸர். பல்லைக் குடையும் ஏரோட்டார் என்னும் கருவி அழுத்தக் காற்றில் சுற்றுவது. நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல். காற்றுத் தொட்டியின் அடியில் இரவில் தண்ணீர் சேர்ந்திருக்கும். அதை வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் கருவிக்குள் போய் பேரிங் கெட்டுவிடும். ரயில் எஞ்சினின் பிரேக் காற்றுத் தொட்டியை வடிப்பது போலவேதான். அவள் இதைச் சொன்னபோது எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அடுத்தது தண்ணீர்க் குழாய். இரவு முழுவதும் மெல்லிய குழாயில் தேங்கிய நீரில் கிருமி வளரும். ஆகவே காலையில் ஓரிரு நிமிடம் நீரைத் திறந்து ஓடவிட வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் அரை நிமிடம்.

உட்காருவதற்கும் கணக்கு உண்டு. நோயாளியின் முகத்தைக் கடிகார முகமாக வைத்துக்கொள்ளுங்கள். தலை உச்சி 12 மணி. வலது கைப் பழக்கமுள்ள டாக்டர் 8 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் அமர்வார். அசிஸ்டென்ட் 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில். கருவிகள் கை மாறுவது 4 மணிக்கும் 7 மணிக்கும் நடுவில், அதாவது நோயாளியின் மோவாய்க்குக் கீழே, மார்புக்கு மேலே. கண்ணுக்கு நேராக ஊசியைக் கொண்டுபோகக் கூடாது. அசிஸ்டென்ட்டின் ஸ்டூல் டாக்டருடையதைவிட நாலைந்து அங்குலம் உயரமாக இருக்கும், வாய்க்குள் பார்வை எட்ட வேண்டும் என்பதற்காக. நான்கு கை வேலை என்று இதைச் சொல்கிறார்கள். டாக்டர் கண்ணை வாயிலிருந்து எடுக்காமல் கையை மட்டும் நீட்ட, வேண்டிய கருவி வேண்டிய பக்கம் திரும்பி அவர் விரலில் வந்து உட்கார வேண்டும்.

பல்லுக்கு எண் இருக்கிறது. வாயை நான்கு கால் பாகமாகப் பிரித்து, நோயாளியின் மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4 என்று வைக்கிறார்கள். நடுவிலிருந்து பின்னோக்கி 1 முதல் 8 வரை பற்கள். டாக்டர் "மூன்று ஆறு" என்றால் கீழ் இடது பக்கத்தின் முதல் பெரிய கடைவாய்ப்பல். குழந்தைகளின் பால் பற்கள் இருபதுக்கும் 5 முதல் 8 வரையிலான பாக எண்கள். வலது இடது என்பது நோயாளியின் வலது இடது, பார்ப்பவருடையது அல்ல. அட்டையில் மாற்றி எழுதினால் வேறு பல்லில் கை வைக்கும் அபாயம் உண்டு.

மருந்து குழைப்பது சமையல் போலத்தான், நேரம் தவறக் கூடாது. பல் அச்சு எடுக்க ஆல்ஜினேட் என்று ஒரு தூள். தண்ணீரில் ஒரு நிமிடத்துக்குள் கட்டியில்லாமல் அடித்துத் தட்டில் நிரப்பிக் கொடுக்க வேண்டும். வாயில் இரண்டு மூன்று நிமிடத்தில் இறுகிவிடும். தண்ணீர் சூடாக இருந்தால் இன்னும் சீக்கிரம். டெல்லியின் மே மாதத்தில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய் நீரைக் கேட்க வேண்டுமா? வேலைக்குச் சேர்ந்த முதல் கோடையில் கிண்ணத்திலேயே இறுகிப்போன ஆல்ஜினேட்டை வைத்துக்கொண்டு அந்தப் பெண் விழித்திருக்கிறாள். இப்போது குளிர்ந்த நீர் பாட்டில் ஒன்றைத் தயாராக வைத்திருக்கிறாள். எடுத்த அச்சை அப்படியே வைத்தாலும் ஈரம் உலர்ந்து சுருங்கும். ஆகவே தாமதிக்காமல் அதில் ஜிப்சம் மாவை ஊற்றிவிட வேண்டும். சுருங்கிய அச்சில் செய்த பல் செட் யார் வாயிலும் உட்காராது.

ஆட்டோகிளேவ்

இந்த வேலையில் மிக முக்கியமானது எது என்று என்னைக் கேட்டால் கருவிகளைக் கிருமி நீக்கம் செய்வதுதான் என்பேன். நோயாளி அதைப் பார்ப்பதில்லை. டாக்டரும் ஒவ்வொரு முறையும் பார்ப்பதில்லை. அசிஸ்டென்ட் ஒருவர் மனசாட்சியில் நிற்கிறது அது. ஒருவர் வாயிலிருந்து எடுத்த கருவி அடுத்தவர் வாய்க்குப் போகிறது. ஹெபடைடிஸ்-பி வைரஸ் உலர்ந்த ரத்தத்தில் ஒரு வாரம்கூடப் பிழைத்திருக்கும்.

கருவியை முதலில் கழுவ வேண்டும். காய்ந்த ரத்தமும் எச்சிலும் ஒட்டியிருந்தால் நீராவி உலோகத்தைத் தொடாது. பிறகு துடைத்து, உறையிலிட்டு, ஆட்டோகிளேவில் வைக்க வேண்டும். அது ஒரு சிறு பாய்லர். நான் ஷெட்டில் சேர்ந்த காலத்தில் பார்த்த டபிள்யூ.ஜி. எஞ்சின் பாய்லரின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. இதற்கு 15 பவுண்டு போதும், ஏறக்குறைய நம் வீட்டுக் குக்கர் அளவுதான். அந்த அழுத்தத்தில் நீராவியின் வெப்பம் 121 டிகிரி சென்டிகிரேடு. அதில் 15 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. உறையிலிட்ட கருவிகளுக்கு இன்னும் கூடுதல் நேரம். அழுத்தத்தை இரட்டிப்பாக்கி 134 டிகிரிக்குப் போனால் சில நிமிடங்களே போதும். எந்த இயந்திரத்துக்கு எத்தனை நேரம் என்பது அதன் கையேட்டில் இருக்கும்.

இங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உள்ளே இருக்கும் காற்று முழுவதும் வெளியேறாவிட்டால், காற்றும் நீராவியும் சேர்ந்து கேஜில் 15 பவுண்டு காட்டும். ஆனால் வெப்பம் 121-ஐ எட்டியிருக்காது. முள்ளைப் பார்த்து ஏமாந்துபோவோம். குக்கரில் ஆவி சீராக வந்த பிறகு வெயிட் போடுகிறோமே, அதேபோல் சாதாரண ஆட்டோகிளேவிலும் காற்றை வெளியேற்றிய பிறகே வால்வை மூட வேண்டும். கத்தரி, இடுக்கி போன்றவற்றைத் திறந்த நிலையில் வைக்க வேண்டும். உறைகளை அடுக்கி நெருக்கக் கூடாது. முடிந்ததும் ஈரம் காயுமுன் எடுக்கவும் கூடாது. நனைந்த காகிதத்தின் வழியே கிருமி உள்ளே ஏறும். உறையில் நிறம் மாறும் பட்டை வெப்பம் பட்டது என்பதை மட்டும் சொல்லும். கிருமி செத்ததா என்று அறிய வித்துக் கிருமிகள் அடங்கிய சோதனைக் குழாயை வாரம் ஒரு முறை உள்ளே வைத்துப் பார்க்கிறார்கள். இதைச் செய்யாத இடங்களும் உண்டு. கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தால் போதும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். 100 டிகிரியில் வித்துக் கிருமிகள் சாவதில்லை.

பயிற்சி நிலையத்தில் ஆறு மாதமும் ஆட்டோகிளேவைப் படமாகத்தான் காட்டினார்களாம். இயந்திரம் பழுது என்று சொல்லிவிட்டார்கள். நானும் அவளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் குக்கரை முன்னால் வைத்துக்கொண்டு இந்தப் பாடத்தை முடித்தோம். என் மனைவி, "பருப்பு வேக வைக்க விடுவீங்களா மாட்டீங்களா?" என்று கேட்கும்வரை.

குப்பையிலும் ஒழுங்கு உண்டு. 2016-ம் ஆண்டு விதிகளின்படி ரத்தம் தோய்ந்த பஞ்சும் பிடுங்கிய பல்லும் மஞ்சள் பையில், கையுறை, பிளாஸ்டிக் குழாய் சிவப்பில், ஊசியும் பிளேடும் குத்தினாலும் துளைபடாத வெள்ளை டப்பாவில், கண்ணாடி நீலத்தில். ஊசிக்கு இரு கையாலும் மூடி போடக் கூடாது. மூடியைத் தட்டில் கிடத்தி, ஒரு கையால் ஊசியை அதற்குள் செருக வேண்டும்.

எக்ஸ்ரே எடுக்கும்போது நோயாளியின் வாயில் ஃபிலிமைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னால் மறுத்துவிட வேண்டும். ஆறடி தள்ளி, கதிர் வரும் திசைக்கு விலகி நிற்பதே முறை.

வேலைக்குச் சேருமுன் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி மூன்றும் போட்டிருக்க வேண்டும். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. நம் பெண் பயிற்சியில் சேர்ந்தபோது இதை யாரும் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் ஊசி விரலில் குத்திய பிறகே விஷயம் தெரிந்தது. ரத்தப் பரிசோதனைக்கு அலைந்த அந்த நாட்களில் அவள் தாயார் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுததை நான் மறக்கவில்லை. நல்ல வேளையாக ஒன்றும் இல்லை.

எங்கே படிப்பது, எதைக் கேட்பது

டெல்லியில் இருப்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது எய்ம்ஸ். அங்கே டென்டல் ஆபரேட்டிங் ரூம் அசிஸ்டென்ட், டென்டல் ஹைஜீன் என்று இரண்டு பி.எஸ்ஸி. பட்டப்படிப்புகள் இருக்கின்றன. நுழைவுத் தேர்வு உண்டு. இடங்கள் குறைவு, போட்டி அதிகம். ஆனால் முயன்று பார்க்காமல் விடக் கூடாது. இதைத் தவிர ஹைஜீனிஸ்ட், மெக்கானிக் இரண்டுக்கும் இரண்டு வருட டிப்ளமா படிப்புகள் நாட்டின் பல பல் மருத்துவக் கல்லூரிகளில் நடக்கின்றன. பி.டி.எஸ். படிக்க ஐந்து வருடம், நீட் தேர்வு, தனியார் கல்லூரியானால் லட்சக் கணக்கில் கட்டணம் என்று மலைத்துப் போகும் குடும்பங்கள் இவற்றை நினைத்தே பார்ப்பதில்லை. கைவேலையில் நாட்டமுள்ள பையன்களுக்கு டென்டல் மெக்கானிக் படிப்பு மிகப் பொருத்தம் என்பது என் எண்ணம். மெழுகில் பல் செதுக்குவதும், உலோகம் வார்ப்பதும், அரை மில்லிமீட்டர் தேய்த்துப் பொருத்துவதும் எங்கள் வொர்க்‌ஷாப் வேலையின் தங்கை என்றே சொல்லலாம்.

குறுகிய காலப் பயிற்சிகள் எல்லாமே மோசடி என்று நான் சொல்லவில்லை. சுகாதாரத் துறைக்கான திறன் கவுன்சில் டென்டல் அசிஸ்டென்ட் பணிக்கென்று பாடத்திட்டம் வகுத்திருக்கிறது. தனியார் மருத்துவமனையில் சேர அது உதவும். அரசாங்க வேலைக்கு மனுப்போடும்போது அந்தந்த அறிவிப்பில் என்ன கேட்டிருக்கிறார்களோ அதுதான் செல்லும்.

ஆகவே பணம் கட்டுமுன், இந்தப் படிப்பு எந்தச் சட்டப்படி, யாரால் அங்கீகரிக்கப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னது போதாது. படிப்பு முடிந்ததும் மாநில கவுன்சிலில் பதிவு கிடைக்குமா என்று நிலையத்தை அல்ல, கவுன்சிலையே கேளுங்கள். பயிற்சி எந்த மருத்துவமனையில், வாரத்துக்கு எத்தனை நாள் நோயாளிகளோடு என்று கேட்டு, ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள். ஆட்டோகிளேவ் ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று, இதுதான் எனக்கு மிகவும் உறைத்தது. பிளஸ் ஒன்னில் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் அன்றே பாதி முடிவாகிவிடுகிறது. முறையான படிப்புகளுக்குப் பெரும்பாலும் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் கேட்கிறார்கள். கலைப் பிரிவோ காமர்ஸோ எடுத்த பிறகு இந்தக் கதவு ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. "சயின்ஸ் கஷ்டம், ட்யூஷனுக்குப் பணமில்லை" என்று பதினைந்து வயதில் ஒதுங்கும் பிள்ளைகள் பின்னால் என்ன இழக்கிறார்கள் என்று அந்த வயதில் அவர்களுக்கு யார் சொல்வது? நம் சங்கத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நான்கைந்து பேர் இருக்கிறார்கள். சனிக்கிழமை மாலைகளில் உயிரியலும் வேதியியலும் சொல்லிக் கொடுக்க முடியுமா என்று அவர்களைக் கேட்டிருக்கிறேன். இருவர் சம்மதித்துவிட்டார்கள். அறையும் மின்விசிறியும் சங்கத்தில் இருக்கின்றன.

அந்தப் பெண்ணைப் பற்றி. ஹைஜீனிஸ்ட் ஆகும் வழி அவளுக்கு இப்போது இல்லை. ஆனால் வேலையில் கெட்டிக்காரி. நோயாளிகள் பயந்தால் இந்தியில் சமாதானம் சொல்லி உட்கார வைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று அவளுடைய டாக்டரே சொன்னார். சென்ற ஆண்டு ஒரு முறை, கூட்டம் அதிகம் என்பதால் ஒரு நோயாளிக்குப் பல் சுத்தம் செய்துவிடச் சொன்னாராம். அது பதிவு பெற்றவர் செய்ய வேண்டியது, நான் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வேலை போய்விடுமோ என்று இரண்டு நாள் பயந்தாள். போகவில்லை. சம்பளத்தில் ஆயிரம் ரூபாய் கூட்டித் தந்திருக்கிறார். மறுத்ததற்காகவா, வேறு காரணமா, தெரியவில்லை.

அவள் தங்கை இந்த வருடம் பத்தாவது. போன வாரம் அக்காவும் தங்கையும் சேர்ந்து வந்தார்கள். பிளஸ் ஒன்னில் உயிரியலோடு கணக்கும் எடுக்கலாமா, அடக்க முடியுமா என்று கேட்டாள் சின்னவள். சனிக்கிழமை வகுப்பில் முதல் பெயர் அவளுடையதுதான்.